இலங்கைத் தமிழர் முகாம்கள்: எது மாறியது, எது மாறவில்லை

குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சின்னப் பிள்ளைகளுக்கு 500. தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு 2021 ஆகஸ்டில் உயர்த்தி அறிவித்த பணக்கொடை இது. அதற்கு முன் 1,000, 750, 400. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 2,550 ரூபாய் வந்த வீட்டுக்கு 3,500. அதே அறிவிப்பில் 7,469 வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவதும் இலவச காஸ் இணைப்பும் இருந்தன. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனதும் அப்போதுதான்.

பணக்கொடை வாங்க முகாம் பதிவில் பெயர் இருக்க வேண்டும், அதிகாரிகள் ஆள் எண்ணும் தணிக்கையின்போது ஆளும் இருக்க வேண்டும். வெளியூரில் பெயின்ட் அடிக்கப் போனவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வர வேண்டியதுதான். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிந்து வாழ்பவர்களுக்கு இந்தப் பணம் கிடையாது.

இதெல்லாம் அரசாணையால் வருவது, சட்டம் தந்த உரிமை அல்ல. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அதனால் காற்று திசை மாறினால் கொள்கையும் மாறிவிடும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்தவர்களை ஊரே வரவேற்றது, தொழிற்கல்லூரிகளில் இடம்கூட ஒதுக்கினார்கள். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் எல்லாம் தலைகீழானது. கெடுபிடி கூடியது, கல்லூரிக் கதவு மூடியது. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பவும் தொடங்கிவிட்டார்கள். விரும்பித்தான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் உள்ளே வந்தது அதற்குப் பிறகுதான்.

சரி, குடியுரிமை? அங்கேதான் முடிச்சு. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, ஒரே முகாமில், ஒரே தாய்க்கு 1986-இல் பிறந்த அக்கா இந்தியர், 1988-இல் பிறந்த தம்பி அகதி. 2003 திருத்தமோ, உரிய ஆவணமின்றி வந்தவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று சொல்லி விண்ணப்பிக்கும் வழியையும் அடைத்தது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுவிட்டது; இலங்கை அதில் இல்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்குப் போட மாட்டார்கள். சிறை பயம் போனது, குடியுரிமை வரவில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முகாமில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது அந்தத் தேதியை வைத்துத்தான்.