டயர் பிரஷர் விளக்கு சிமிட்டினால் காற்றுப் பிடிக்க ஓடாதீர்கள்

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் டயர் பிரஷர் விளக்கு ஒரு நிமிடம் போலச் சிமிட்டிவிட்டு, அப்புறம் அணையாமல் எரிகிறதா? பெரும்பாலான கார்களில் அதற்கு அர்த்தம், சக்கரத்தில் காற்றழுத்தத்தை அளக்கும் ஏதோ ஒரு சென்சார் பேசுவதை நிறுத்திவிட்டது என்பதுதான். சிமிட்டாமல் நேராக எரிந்தால் காற்று குறைவு. மார்கழி அதிகாலையில் மட்டும் எரிந்து, கொஞ்ச தூரம் ஓடியதும் அணைந்தால் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டாம். குளிர் 10 டிகிரி கூடினால் டயரில் ஒன்றரை, 2 பிஎஸ்ஐ இறங்கும்.

சக்கரத்துக்குள் இருக்கும் சென்சாரின் பேட்டரி 5 முதல் 10 ஆண்டு வரை தாங்கும். அதைப் பிசினுக்குள் புதைத்து மூடியிருப்பார்கள்; தனியாக மாற்ற முடியாது. நான்கும் ஒரே வயது என்பதால் ஒன்று போனால் மற்றவையும் பின்னாலேயே வரும். டயர் மாற்றும் சமயத்தில் நான்கையும் சேர்த்து மாற்றினால் கழற்றி மாட்டும் கூலியாவது மிஞ்சும். வாங்குவதற்கு முன் சென்சார் ரீடரை ஒவ்வொரு வால்வின் அருகிலும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் பதில் சொல்லியும் விளக்கு அணையவில்லை என்றால் கோளாறு சென்சாரின் சிக்னலை வாங்கும் ரிசீவரிலோ, வண்டியில் பதிந்திருக்கும் ஐடியிலோ (சென்சாரின் அடையாள எண்) இருக்கும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 315 மெகாஹெர்ட்ஸ் சென்சார் அமெரிக்க வண்டிகளுக்கானது. நம் ஊர் வண்டிகள் கேட்பது 433. மாட்டினால் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் வண்டிக்கு அது பேசுவது கேட்காது.

வால்வு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பழைய வண்டியின் அலுமினிய வால்வு மூடியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கை வைக்காதீர்கள். சாதாரணப் பித்தளை வால்வு ஊசி அலுமினியத்தோடு சேர்ந்து அரித்து, உள்ளே இறுகிப்போயிருக்கும். பலம் கொடுத்துத் திருகினால் தண்டே முறிந்து, காற்று மொத்தமும் இறங்கிவிடும். நிக்கல் பூசிய ஊசியும் பிளாஸ்டிக் மூடியும்தான் அதற்குச் சரி. டயரைக் கழற்றும்போதெல்லாம் ரப்பர் வளையம், நட்டு, ஊசி மூன்றையும் புதிதாகப் போடுங்கள். நட்டை டார்க் ரெஞ்சில் (முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்க வேண்டும்; இம்பாக்ட் கன் கூடவே கூடாது. சென்சார் இருப்பதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டயரின் விளிம்பை நெம்பும் இரும்பு வால்வின் பக்கம் இறங்கினால் சென்சார் உடைந்துவிடும். பங்க்சருக்கு ஊற்றும் திரவமும் அதன் துளையை அடைக்கக்கூடும்.

மாற்றியபின் சில வண்டிகள் ஓட ஓடத் தாமே கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு ஓபிடி (வண்டியின் கணினியோடு கருவியை இணைக்கும் சாக்கெட்) வழியாகப் புதிய ஐடியைப் பதிய வேண்டும். பழைய ஐடியையே புதிய சென்சாரில் எழுதிவிட்டால் இந்த வேலையே இல்லை.

சென்சாரை மாற்றும்வரை 15 நாளுக்கு ஒருமுறை, வண்டி 3 மணி நேரமாவது நின்றபின் காற்றழுத்தக் கேஜ் வைத்துப் பாருங்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எண்தான் கணக்கு. டயரின் பக்கவாட்டில் இருப்பது உச்ச அளவு. புதிய சென்சார் வந்த பிறகும் கேஜை வண்டியிலேயே வையுங்கள். பல வண்டிகளில் காற்று 25 சதவீதம் குறைந்தால்தான் விளக்கு எரியும்; 33 இருக்க வேண்டிய டயர் 27-க்கு இறங்கினாலும் அது எரியாது.