‘மா’ என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தமிழ் என்ன?

அக்கா மகள் வடிவமைப்புப் படிக்கிறாள். கடைசி ஆண்டுச் செய்முறைக்காக ஒரு மரத்தட்டி செய்திருக்கிறாள். ஓரறை வீட்டில் படுக்கிற பக்கத்தையும் சமைக்கிற பக்கத்தையும் பிரிப்பதற்கு, ஆளுயரத்தில், நான்கு மடிப்பாக. கீழே ரீப்பர் கட்டைகள் விரல் நுழையாத அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன. மேலே போகப்போகச் சந்து அகலமாகி, கண் மட்டத்தில் ஒரு கை தாராளமாக நுழைகிறது. மூன்றாவது மடிப்பில் கட்டையே கிடையாது, வெறும் சட்டம்தான். அதற்கு அவள் வைத்த பெயர் ‘மா’. விளக்க அட்டையில் இப்படி எழுதியிருந்தாள்: “மா என்பது ஜப்பானிய அழகியலின் வெறுமைத் தத்துவம்.”

நாள் முழுக்க அடுத்தவர் தமிழைத் திருத்துவதுதான் என் பிழைப்பு என்பதால் அட்டை என்னிடம் வந்தது. அதற்கு முன்பே யாரோ ஒருவர் தட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “மான்னா என்னம்மா, மாம்பழமா, அரிசி மாவா?” என்று கேட்டுவிட்டாராம். எனக்கு அந்தக் கேள்வியைவிட ‘வெறுமை’தான் உறுத்தியது. அதை அடித்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. “அப்போ என்னதான் சித்தி போடறது?”

சரி, முதலில் உச்சரிப்பு. ஜப்பானியத்தில் அது குறில்தான், ‘ம’ என்று ஒரு மாத்திரையில் முடிந்துவிடும். ஆனால் தமிழில் தனிக்குறில் ஒன்று சொல்லாக நிற்பது அபூர்வம். நன்னூல் கணக்குப்படி ஓரெழுத்துச் சொற்கள் 42. அவற்றில் குறில் ‘நொ’, ‘து’ இரண்டு மட்டுமே. ஆகவே ‘ம’ நம் வாயில் ‘மா’ ஆகிவிடுவதில் தவறில்லை. தொல்லை என்னவென்றால், அந்த 42-இல் ‘மா’ ஏற்கெனவே இருக்கிறது. மரம், விலங்கு, பெரிய, அரைத்த மாவு என்று அதற்குப் பொருளும் ஏராளம். தஞ்சாவூர்ப் பக்கத்து நிலக்கணக்கில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஜப்பானிய ‘மா’வும் ஒரு வகையில் அளவுச்சொல்தான் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டுக்கும் உறவு எதுவும் கிடையாது, வெறும் தற்செயல். யாராவது உறவு கண்டுபிடித்து அனுப்பிவைக்கும் முன் சொல்லிவிடுகிறேன்.

சொல் ஜப்பானியருடையது, எழுத்து சீனத்திலிருந்து வந்தது. எழுத்தைப் பார்த்தால் இரட்டைக் கதவு போட்ட ஒரு வாசல். கதவுகளுக்கு நடுவே ஞாயிற்றைக் குறிக்கும் குறி. பழைய வடிவத்தில் அங்கே நிலா இருந்தது. சாத்திய கதவின் இடுக்கு வழியாக நிலா வெளிச்சம் உள்ளே விழுகிறது, அதுதான் படம். இரண்டு கதவும் இல்லாவிட்டால் இடுக்கும் இல்லை, வெளிச்சம் விழுந்த கோடும் இல்லை. ‘இரண்டுக்கு நடுவே உள்ளது’ என்ற சொல்லின் பொருள் முழுக்க இந்தப் படத்திலேயே இருக்கிறது.

இதே எழுத்தைக் ‘கென்’ என்று படித்தால் தச்சர் கணக்கு. ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே உள்ள இடம் ஒரு கென். கியோத்தோவில் சஞ்சூசான்கென்தோ என்று நீண்ட கோயில் ஒன்று இருக்கிறது. இப்போது நிற்கும் கட்டடம் 1266-இல் திரும்பக் கட்டியது. உள்ளே கருணையின் போதிசத்துவரான கன்னோனின் சிலைகள் 1001. ஆனால் கோயிலின் பெயரில் சிலையும் இல்லை, தூணும் இல்லை. பெயரின் பொருள் ‘முப்பத்து மூன்று இடைகள் கொண்ட கூடம்’. தூண்களை எண்ணாமல் தூண்களுக்கு நடுவே உள்ளதை எண்ணிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிறகு கென் நீள அளவாகவும் ஆனது. ஊருக்கு ஊர் மாறிக்கொண்டிருந்ததை 1891-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குபடுத்திய பின் ஒரு கென் என்பது ஆறு ஷாக்கு (ஜப்பானிய அடி), ஏறத்தாழ 1.82 மீட்டர். ஒரு கென்னுக்கு ஒரு கென் சதுரம் ஒரு சுபோ, சுமார் 3.3 சதுர மீட்டர். ஜப்பானில் மனை விலை பேசும்போது இன்றும் சுபோ அடிபடுகிறது. தாத்தாமிப் பாய் இரண்டைச் சேர்த்துப் போட்டால் ஏறக்குறைய ஒரு சுபோ. ‘விழித்திருந்தால் அரைப்பாய், படுத்தால் ஒரு பாய்’ என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. ஒரு மனிதனுக்கு எவ்வளவு இடம் போதும் என்பதற்கான கணக்கு.

இதைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது அங்கணம். தூணுக்குத் தூண், உத்திரத்துக்கு உத்திரம் உள்ள இடம் அங்கணம். நெல்லூர், திருப்பதிப் பக்கம் மனையை அங்கணக் கணக்கில் விற்கிறார்கள். தூண்களுக்கு நடுவே இருந்த ஒன்று, தூணே இல்லாத வெறும் மனைக்கு அளவாக மாறிய கதை இரண்டு இடத்திலும் நடந்திருக்கிறது.

ஜப்பானியர் அன்றாடப் பேச்சில் இந்தச் சொல்லைப் புழங்கும் விதத்தைப் பார்த்தால் தத்துவ வாசனையே அடிக்காது. வீட்டில் எல்லோரும் கூடி உட்காரும் அறை ‘இமா’, அதாவது ‘இருக்கிற மா’. அறைக்கும் மா என்றே பெயர் என்பதைக் கவனிக்க வேண்டும். சுவரில் உள்ள சந்து ‘சுகிமா’. பகல் நேரம் ‘ஹிருமா’. வண்டியைப் பிடிக்க நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ‘மாவுக்குப் பொருந்தியது’ என்பார்கள். வேளை கெட்ட வேளையில் ஒன்று நடந்தால் ‘மா சரியில்லை’. மடையனுக்கு ‘மானுகே’, மா கழன்று போனவன் என்று பொருள். நாம் ‘மறை கழன்றவன்’ என்கிறோமே, அது மாதிரி. அங்கே மறைக்குப் பதிலாக மா கழன்றிருக்கிறது.

‘நிங்கென்’ என்ற சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மனிதன் என்று பொருள். ‘ஆள்’ என்ற எழுத்தையும் மேலே பார்த்த ‘மா’ எழுத்தையும் சேர்த்து எழுதுவார்கள். இதை வைத்து ‘மனிதன் என்றால் மனிதர்களுக்கு நடுவே இருப்பவன், ஆகா’ என்று உருகுகிற கட்டுரைகள் நிறைய. பௌத்த நூல்களில் அந்தச் சொல்லுக்கு முதலில் மனித உலகம் என்றே பொருள். தேவருலகம், நரகம் என்பதுபோல அதுவும் ஒரு பிறப்புநிலை. உலகத்தைச் சுட்டிய சொல் பின்னால் அதில் வாழ்கிறவரைச் சுட்ட ஆரம்பித்தது. உருகுவதற்கு முன் இதையும் ஒரு வரி எழுதிவிட்டால் நல்லது.

மேடைக்கு வருவோம். ஜப்பானியரின் பழைய முகமூடி நாடகமான நோவின் பெரிய ஆசான் ஸெயாமி, 1424-இல் முடித்த நடிப்பு நூலில் ஒரு விஷயம் சொல்கிறார். பார்க்க வந்தவர்கள் சில சமயம் ‘ஒன்றும் செய்யாத இடம்தான் நன்றாக இருந்தது’ என்பார்களாம். ஆட்டம் நின்று, பாட்டு நின்று, வசனமும் நின்ற இடம். அது ஏன் நன்றாக இருக்கிறது? அந்த நேரத்திலும் நடிகர் மனத்தைத் தளரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார். ஆனால் பிடித்து வைத்திருப்பது வெளியே தெரிந்துவிட்டால் அதுவும் ஒரு செயலாகிவிடும், சுவை போய்விடும். மா பற்றிய கட்டுரைகள் இந்த இடத்தைத் தவறாமல் எடுத்துக்காட்டும். ஸெயாமி அங்கே எழுதிய சொல் என்னவோ ‘ஹிமா’. இன்றைய பேச்சில் அதற்கு ஓய்வு நேரம் என்று பொருள். கருத்து ஒன்றுதான், சொல் வேறு.

நமக்கு இதை விளங்கவைக்க மிருதங்கம் போதும். தனி ஆவர்த்தனத்தில் ஒரு சொற்கட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே விடுகிற இடத்துக்குக் கார்வை என்று பெயர். கை எழாது, எண்ணிக்கை மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அரை எண்ணிக்கை பிசகினால் முடிவில் வாசிக்கிற கோர்வை, தாளம் தொடங்கும் சமத்தில் வந்து விழாது. சபையில் யாரும் கார்வையை ‘வெறுமை’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ஜப்பானியத் தாளத்திலும் பேச்சிலும் வரும் மாவுக்குக் கார்வையைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஓவியத்தில் ஹசெகாவா தோஹாகு, காலம் 1539 முதல் 1610 வரை. அவருடைய பைன் மரத் திரைகள் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆறு மடிப்புத் திரைகள் இரண்டு, தாளில் கறுப்பு மை மட்டும். கிட்டப் போனால் மரமே தெரியாது. விளக்குமாற்றால் கீறியது மாதிரி முரட்டுக் கோடுகள், சில இடத்தில் அவசரமாக இழுத்தது போலவே இருக்கும். நாலடி பின்னால் வந்தால் அந்தக் கீறல்கள் மூடுபனிக்குள் நிற்கும் பைன் மரங்களாகிவிடும். சில மரங்கள் அழுத்தமாக, சில கரைந்து போகிற மாதிரி. பனியைத் தோஹாகு வரையவே இல்லை. அது தொடப்படாத தாள். இந்தக் கொத்து மரத்துக்கும் அந்தக் கொத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டதால் தாள் பனியாகிவிட்டது. மரங்களை அழித்துவிட்டால் அது மறுபடியும் தாள்தான்.

கியோத்தோவில் ரியோவான்ஜி கல் தோட்டத்தையும் எல்லோரும் சொல்வார்கள். 15 கற்கள், திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்திருக்கும். அவ்வளவு போதும், படம் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது.

சரி, இப்படி அறையாகவும் சந்தாகவும் புழங்கிய சொல் எப்போது உலகம் முழுக்க ‘அழகியல் கோட்பாடு’ ஆனது? பெரும்பங்கு 1978-க்கு உண்டு. கட்டடக் கலைஞர் அராத்தா இசோஸாகி பாரிஸில் ‘மா’ என்ற தலைப்பில், ஜப்பானியரின் இடம்-காலம் பற்றி ஒரு கண்காட்சி அமைத்தார். அடுத்த ஆண்டு அது நியூயார்க் போனது. டோக்கியோவுக்கு வந்தது 2000-இல்தான். வெளிநாட்டாருக்கு விளக்குவதற்காகத் தூக்கி மேடையில் வைத்த சொல், ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்ப 20 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இன்று வடிவமைப்பு மாணவர்கள் கையில் கிடைப்பது அந்த மேடை ஏறிய சொல். அக்கா மகளின் அட்டையில் ‘தத்துவம்’ ஒட்டிக்கொண்டு வந்தது அந்த வழியில்தான் என்பது என் கணிப்பு.

இனி தமிழ். ‘வெறுமை’ ஏன் ஆகாது என்றால், அது எல்லையில்லாதது, போதாக்குறைக்கு மனச்சோர்வு வேறு. ‘வெற்றிடம்’ இயற்பியலுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்ததை அரசியல்வாதிகள் ‘தலைமை வெற்றிடம்’ என்று எடுத்துக்கொண்டார்கள். ‘சூன்யம்’ பௌத்தத்துக்கு நெருக்கமாகத் தெரியும், ஆனால் தட்டியில் சூன்யம் வைத்திருக்கிறேன் என்று எழுதினால் வாங்க வருகிறவர் எலுமிச்சம்பழத்தோடு வருவார். ‘மௌனம்’ காதுக்கு மட்டும். ‘இடைவெளி’ பரவாயில்லை, பொருள் கிட்டத்தட்டச் சரி. ஆனால் தலைமுறை இடைவெளி, சமூக இடைவெளி என்று புழங்கிப் புழங்கி விலகலின் வாடை ஏறிவிட்டது. மா விலக்குவதில்லை, இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

என் ஓட்டு ‘இடை’க்கு. காலம், இடம் இரண்டுக்கும் அது பொருந்தும்: இடையில் வந்தார், இடையில் நின்றார். இடைவேளை, இடைவழி, இடைத்தேர்தல் என்று கூட்டுச்சொல்லாகவும் சுலபமாக ஒட்டும். இலக்கணத்தில் இடைச்சொல் என்பது தனித்து நிற்காதது, பெயரையோ வினையையோ சார்ந்துதான் இயங்கும். மாவும் அப்படியே.

அப்புறம் இடைகழி இருக்கிறது. தெருவாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே உள்ள பகுதி, பேச்சில் ரேழி. திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் முதலாழ்வார் மூவரும் ஒதுங்கியது ஓர் இடைகழியில்தான். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்கிற அளவு. மூவரும் நின்றார்கள், நான்காவதாக இன்னொருவர் வந்து நெருக்கியது தெரிந்தது. இந்தக் கதையையும் பாய்க்கணக்குப் பழமொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆளைக்கொண்டு இடத்தை அளக்கும் பழக்கம் இரண்டிலும் இருக்கிறது.

‘இடை’க்கு ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. தனியாக எழுதினால் இடுப்பு என்று படிப்பார்கள். ஆனால் இடுப்புக்கு அந்தப் பெயர் வந்ததும் உடம்பின் நடுவே இருப்பதால்தானே. தலைப்பில் ‘இடை’ என்று போட்டு அடுத்த வரியிலேயே தூணையோ கட்டையையோ சொல்லிவிட்டால் குழப்பம் வராது. கட்டடம் பற்றி எழுதினால் அங்கணம், தாளம் பற்றி எழுதினால் கார்வை, பொதுவாக இடை. ஒரே சொல்லால் எல்லா இடத்தையும் அடைக்கப் பார்க்க வேண்டாம்.

இவ்வளவையும் போனில் சொன்னேன். பாதியில் அவள் தூங்கியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை புது அட்டையின் படம் வந்தது. மேலே ‘இடை’ என்று பெரிதாக. கீழே: “கீழே கட்டைகளின் இடை அரை அங்குலம், கண் மட்டத்தில் நான்கு அங்குலம். மூன்றாவது மடிப்பில் ஒரே இடை. அடுப்பில் இருப்பவரும் பாயில் இருப்பவரும் அதன் வழியே பேசிக்கொள்ளலாம். ஜப்பானியத்தில் இதற்கு மா என்று பெயர்.”

‘தத்துவம்’ போயிருந்தது. ‘பேசிக்கொள்ளலாம்’ நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. ஒரே ஒரு ஒற்றுப்பிழை இருந்தது, அதைத் திருத்தி அனுப்பினேன்.