கழுத்து விற்பனைக்கு

எங்கள் வீட்டு பீரோ மேல் ஒரு பேஸ் கிட்டார் நெக், அதாவது விரலால் கம்பிகளை அழுத்தும் கழுத்துப் பகுதி, கிடக்கிறது. ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. தேக்கு மரம், மேலே தோதகத்தியில் ஃபிங்கர்போர்டு, விரல் படியும் பலகை. அதை விற்கப்போவதாகச் சொல்லி வைத்திருந்தேன். போன வாரம் தல்லாகுளத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார்.

"அண்ணே, என் கிட்டாருக்குச் சேருமாண்ணே?"

"என்ன கிட்டார்ப்பா?"

"நாலு கம்பிண்ணே. கறுப்புக் கலர்."

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் மேல் தப்பில்லை. பார்வைக்கு அது ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகளைக் குறுக்கே பதித்த நீளமான ஒரு கட்டை. உண்மையில் அது ஒரு கணக்கு.

ஒரு கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரட்டிப்பாகும். பேஸின் தடித்த கம்பி சும்மா மீட்டினால் வினாடிக்கு 41.2 முறை அதிரும். 12வது ஃப்ரெட்டில் அழுத்தினால் 82.4. நடுவில் இருக்கும் 12 படிகளும் காதுக்குச் சமமாகக் கேட்க வேண்டுமென்றால், ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் ஒரே விகிதத்தில் ஏற வேண்டும். இதை நம்மூர் ஆளுக்கு வட்டிக் கணக்காகச் சொன்னால் சட்டென்று புரியும். மாதம் 5.95 வட்டி, வட்டிக்கு வட்டி என்று போட்டுப் பாருங்கள். 12 மாதத்தில் அசல் இரட்டிப்பு.

கம்பியில் இதே கணக்கு தலைகீழாக ஓடுகிறது. ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும், மீதியிருக்கும் நீளத்தை 17.817ஆல் வகுத்து வரும் அளவு குறையும். என் நெக் 34 இன்ச் ஸ்கேல், அதாவது கம்பிகள் தலைப்பக்கம் படியும் நட்டிலிருந்து அடிப்பக்கம் படியும் பிரிட்ஜ் வரை 863.6 மில்லிமீட்டர். முதல் ஃப்ரெட் 48.5 மில்லிமீட்டரில் வரும். அடுத்த இடைவெளி 45.7. இப்படியே நெருங்கிக்கொண்டு போகும். பழைய காலத்தில் 17.817க்குப் பதில் 18 என்று வைத்துக்கொண்டார்கள். கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலி 1581இல் எழுதிவைத்த முறை அது. அதை அப்படியே என் நெக்கில் போட்டால் 12வது ஃப்ரெட் 3 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும்.

ஆசாரிக்கு இந்த அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் முதலில் ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளக்கப் பார்த்தார். அப்படி அளந்தால் ஒவ்வொரு முறையும் வரும் சிறு பிசகு சேர்ந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளக்கச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானே தம்பி" என்றார். செய்து பார்த்துவிட்டு, ஒன்றில்லை என்றார்.

இனி இழுவிசை. நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. ஓர் ஆள் நெக்கில் ராப்பகலாகத் தொங்குவது போல. நாண் ஏற்றிய வில்லாக மரம் முன்பக்கம் வளையும். அதை எதிர்க்கத்தான் நெக்குக்குள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி. ஆலன் கீ போட்டுத் திருகினால் அது மரத்தைப் பின்பக்கம் தள்ளும். முழுக்க நேராக்கிவிடவும் கூடாது. அதிரும் கம்பிக்கு நடுவில்தான் வீச்சு அதிகம். அதற்கு இடம் விட, 7வது ஃப்ரெட் பக்கம் 0.3 மில்லிமீட்டர் பள்ளம் தேவை. ஏ4 தாள் மூன்றை அடுக்கினால் வரும் கனம். கால் திருகு, ஒரு ராத்திரி பொறுமை, மறுநாள் தேவைப்பட்டால் இன்னொரு கால் திருகு. அவசரப்பட்டால் ராட் முறியும்.

ட்ரஸ் ராட் வளைவை மட்டும்தான் சரிசெய்யும், முறுக்கத்தை அல்ல. என் பழைய நெக் அப்படித்தான் போனது. ஒரு மே மாதம் முழுக்க மாடியில் தகரக் கூரை அறையில், மேற்குச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது, காய்ந்த பனையோலை மாதிரி ஒரு பக்கமாகத் திருகியிருந்தது. ஆசாரிகள் பலகையை வாங்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார்களே, அதே பார்வைதான் இங்கேயும். நட்டும் கடைசி ஃப்ரெட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரியாவிட்டால் அந்த நெக்கை வாங்காதீர்கள்.

மரம் ஏன் இப்படிச் செய்கிறது? அதன் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. ஈரம் செல்சுவருக்குள் புகுந்து நார்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நீளம் அநேகமாக மாறுவதில்லை. அதனால் கத்திரி வெயிலிலும் ஸ்கேல் அப்படியே இருக்கும், அகலம் மட்டும் சுருங்கும். உலோக ஃப்ரெட்டுக்கு ஈரமும் தெரியாது, காய்ச்சலும் தெரியாது. ஆகவே சித்திரையில் ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும், ஐப்பசி மழைக்கு உள்ளே போய்விடும். என் நெக்கில் ஒரு கோடை கழிந்ததும் அரம் வைத்துத் தேய்த்தாயிற்று. ஒரே பலகையிலும், மரத்தின் வளர்ச்சி வளையங்களின் போக்கில் வரும் சுருக்கம் குறுக்கே வருவதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. முறுக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். தேக்கு அதிகம் சுருங்காத மரம். அதிலும் இது காரைக்குடிப் பக்கம் இடித்த ஒரு பழைய வீட்டு உத்திரம். ஆட வேண்டிய ஆட்டத்தையெல்லாம் ஆடி முடித்த மரம்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய கம்பியில் 6வது ஃப்ரெட்டில் வரும் சுரம், அதாவது 138.6 ஹெர்ட்ஸ், மற்றவற்றைவிடச் சீக்கிரம் அடங்கிவிடும். நெக்குக்கும் சொந்தமாக ஓர் அதிர்வெண் உண்டு. கம்பி அதைத் தொட்டதும் அதன் ஆற்றலை மரம் வாங்கிக்கொள்கிறது. வீணையில் மரம் அதிர்வதுதான் வரவு. மின் பேஸில் அது செலவு, ஏனென்றால் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் கவனிப்பது கம்பியை மட்டும். நெக்கின் தலைப்பகுதியில் ஒரு சின்ன சி-கிளாம்ப் மாட்டிப் பார்த்தேன். எடை கூடியதும் அந்த ஊமை இடம் வேறு ஃப்ரெட்டுக்கு நகர்ந்தது. போகவில்லை, நகர்ந்தது. பல பேஸ்களில் இந்தச் சிக்கல் உண்டு என்பதால் விலையில் ஐந்நூறுக்கு மேல் குறைக்க மாட்டேன்.

இதையெல்லாம் போனில் அந்தத் தம்பிக்குச் சொல்லவில்லை. வீட்டில் துணி அளக்கும் டேப் இருந்தால், நட்டிலிருந்து 12வது ஃப்ரெட் வரை அளந்து சொல்லச் சொன்னேன். ஸ்கேலில் அது சரிபாதி. என் நெக்கில் 17 இன்ச். அந்தப் பக்கம் அவர் அம்மாவைக் கூப்பிடும் சத்தம், அலமாரி திறக்கும் சத்தம். அப்புறம் திரும்பி வந்தார்.

"15 இன்ச்ண்ணே."

30 இன்ச் ஸ்கேல். என் நெக்கை மாட்டினால் 12வது ஃப்ரெட் கம்பியின் பாதியில் நிற்காது, எந்தச் சுரமும் சேராது.

"ரெண்டு இன்ச்தானண்ணே, வெட்டிக்கிட்டா?" என்றார்.