பள்ளிக் கேன்டீனில் சிப்ஸ் விற்கலாமா? '50 மீட்டர் விதி' சொல்வது என்ன?

பிள்ளை குண்டானால் வீட்டில் முதலில் திட்டு வாங்குவது அம்மா. "நீதான் கண்டதையும் வாங்கிக் கொடுத்துக் கெடுக்கிற" என்று மாமியார் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை தீர்ப்பு சொல்வார்கள். அதே பிள்ளை தினமும் ஆறேழு மணி நேரம் இருக்கும் பள்ளியில் இடைவேளைக்கு என்ன விற்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கலாம். கேட்பதற்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. பெற்றோர் பலருக்கும் அது தெரியாது, சில பள்ளி நிர்வாகங்களுக்கும் தெரியாது.

2010-ல் ஒரு தொண்டு நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. பள்ளிகளிலும் அவற்றைச் சுற்றியும் நொறுக்குத்தீனி, குளிர்பானம் விற்பதைத் தடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. 2015 மார்ச்சில் நீதிமன்றம், இதற்கு விதி கொண்டுவரச் சொல்லி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு (எஃப்எஸ்எஸ்ஏஐ) உத்தரவிட்டது. அதற்கப்புறமும் ஐந்து வருஷம் போனது. 2020 செப்டம்பரில்தான் 'பள்ளிக் குழந்தைகளுக்கான பாதுகாப்பான உணவு, சரிவிகித உணவு ஒழுங்குமுறைகள்' அரசிதழில் வெளியானது. 2021 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பள்ளிகள் கொரோனாவால் மூடிக் கிடந்த நேரம் என்பதால், அமலுக்கு வந்ததே பலர் கவனத்துக்கு வரவில்லை.

விதியின் மையம் இதுதான்: நிறைவுற்ற கொழுப்போ, டிரான்ஸ் கொழுப்போ, சேர்த்த சர்க்கரையோ, சோடியமோ (உப்பில் இருப்பது) அதிகமாக உள்ள உணவைப் பள்ளிக் கேன்டீனிலும் விடுதிச் சமையலறையிலும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது. பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, சிபிஎஸ்இ, மெட்ரிக் என்ற பேதம் இல்லை. மழலையர் பள்ளியிலிருந்து பிளஸ் டூ வரை எல்லாமே இதில் அடக்கம்.

விற்பனையோடு விளம்பரத்துக்கும் தடை உண்டு. விளையாட்டு விழா மேடையில் குளிர்பான கம்பெனியின் பேனர், பரிசுப் பையில் சாக்லேட் கம்பெனியின் முத்திரை, நோட்டு அட்டையில் நூடுல்ஸ் படம், எதுவும் ஆகாது. இலவசமாகக் கொடுத்துப் பழக்குவதும் கூடாது. என்னைக் கேட்டால் இந்தப் பகுதிதான் ரொம்ப முக்கியம். கேன்டீனில் கிடைக்காவிட்டாலும் பையன் வெளியே வாங்கிக்கொள்வான். ஆனால் ஆசிரியர் கையாலேயே ஒரு கம்பெனியின் பெயர் போட்ட பரிசு கிடைத்தால், அது நல்ல பொருள் என்று பள்ளியே சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்று உரிமம். பள்ளியே கேன்டீன் நடத்தினால் பள்ளி பதிவோ உரிமமோ எடுத்திருக்க வேண்டும். குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைதாரரிடம் அது இருக்க வேண்டும். மதிய உணவு சமைத்துத் தருபவர்களுக்கும் இது பொருந்தும். அந்த 14 இலக்க எண் கேன்டீனில் பார்வைக்கு மாட்டியிருக்கிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு பார்வை பாருங்கள்.

சரி, எது 'அதிகம்'? விதியின் பலவீனமே இங்கேதான். சர்க்கரை இத்தனை கிராமைத் தாண்டினால் விற்கக் கூடாது என்று ஒழுங்குமுறையில் நேரடியாக எண் போட்டுச் சொல்லியிருந்தால் சண்டையே இல்லை. பாக்கெட்டின் முன்பக்கத்தில் எச்சரிக்கை முத்திரை இருந்தாலும் கேன்டீன்காரர் ஒரு பார்வையில் முடிவெடுத்துவிடலாம். 2022-ல் எஃப்எஸ்எஸ்ஏஐ நட்சத்திரக் குறி போடும் வரைவு ஒன்றை வெளியிட்டது. எச்சரிக்கைக்குப் பதிலாக ஒன்றிரண்டு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தால் அது பாராட்டு மாதிரி தெரியாதா என்று எதிர்ப்பு வந்தது. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பாக்கெட்டின் முன்பக்கக் குறியீடு பற்றி மூன்று மாதத்துக்குள் பரிந்துரை தரும்படி நிபுணர் குழுவுக்குச் சொன்னது, பிறகு அவகாசத்தை நீட்டித்தது.

எனவே பாக்கெட்டின் பின்பக்கம்தான் நமக்கு ஆதாரம். அங்கே ஒரு சின்ன அட்டவணை இருக்கும். அதில் '100 கிராமுக்கு' என்று ஒரு பத்தியும், 'ஒரு பரிமாறலுக்கு இத்தனை சதவீதம்' என்று ஒரு பத்தியும் இருக்கும். ஒரு சிப்ஸ் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பரிமாறல் 20 கிராம் என்று கம்பெனி கணக்குப் போட்டால் சதவீதப் பத்தியில் 8 என்று வரும். பார்க்கச் சாதுவான எண். ஆனால் பாக்கெட்டின் எடை 50 கிராம், பிள்ளை அதில் 20 கிராமை மட்டும் தின்றுவிட்டு மடித்து வைக்கப் போவதில்லை. முழுசாகத் தின்றால் 400 மில்லிகிராம், அதாவது ஒரு நாளைக்கான 2000 மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் அந்த 2000 பெரியவர்களுக்கான கணக்கு. சர்க்கரைக்கு 50 கிராம், நிறைவுற்ற கொழுப்புக்கு 22 கிராம் என்று அட்டவணை எடுத்துக்கொள்ளும் அளவும் பெரியவர்களுக்கானதுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே பார்க்கக் கூடாது. கோலா வகைகளில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். 300 மில்லி பாட்டில் என்றால் 30 கிராம், ஏறக்குறைய ஆறு டீஸ்பூன். ஆறு ஸ்பூன் சர்க்கரை போட்டு யாராவது டீ குடிப்பார்களா?

இந்தக் கணக்கைப் பள்ளிச் சுவரிலேயே எழுதிப் போடச் சொல்லி 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பெயர் 'சர்க்கரைப் பலகை'. ஒரு நாளைக்கு எவ்வளவு சர்க்கரை போதும், குளிர்பானத்திலும் நொறுக்குத்தீனியிலும் எவ்வளவு இருக்கிறது, அதற்குப் பதில் எதைச் சாப்பிடலாம் என்று பலகையில் இருக்க வேண்டும். 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் அன்றாடக் கலோரியில் 13 சதவீதமும், 11 முதல் 18 வயதுக்காரர்களுக்கு 15 சதவீதமும் சர்க்கரையிலிருந்து வருகிறது, இருக்க வேண்டியதோ 5 சதவீதம் என்று அந்தச் சுற்றறிக்கையே சொல்கிறது. சில மாதங்களில் எண்ணெய்க்கும் இதேபோல் பலகை வைக்கச் சொன்னார்கள். சிபிஎஸ்இ பள்ளியில் பலகை இல்லையென்றால் எங்கே என்று தாராளமாகக் கேட்கலாம். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளை இந்தச் சுற்றறிக்கை கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் போதும் என்கிற காரியத்துக்குச் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

50 மீட்டர் விஷயத்தில் இரண்டு குழப்பங்கள் உண்டு. பீடி, சிகரெட், புகையிலைக்கான எல்லை வேறு சட்டத்தில் வருகிறது, அது 100 கஜம், அதாவது 91 மீட்டர் சொச்சம். அப்புறம் பஞ்சு மிட்டாய். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது ரோடமைன்-பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததற்காக. அதற்கும் உடல் பருமனுக்கும் சம்பந்தம் இல்லை.

அதைவிட முக்கியம், பள்ளி வாசலில் நிற்கும் எல்லா வண்டியையும் விரட்டும் விதி இல்லை இது. அவித்த கடலை, சுண்டல், கொய்யா, நெல்லிக்காய் விற்கிற அம்மாவைத் துரத்திவிட்டு, உள்ளே கண்ணாடிப் பெட்டியில் பஃப்ஸும் கிரீம் பிஸ்கட்டும் அடுக்கி வைத்தால் அது விதியைத் தலைகீழாகப் பிடித்த கதை. அந்த அம்மாவின் வண்டியில் சுத்தம் இருக்கிறதா என்று பார்க்கலாம், அது வேறு கேள்வி.

வீட்டிலிருந்து கொண்டு போகும் டிபன் பாக்ஸ் இந்த விதிக்குள் வராது. 51-வது மீட்டரில் இருக்கும் பெட்டிக்கடையும் வராது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீமுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஒரு கையால் பள்ளியில் தடுத்து, இன்னொரு கையால் கடையில் விலையைக் குறைப்பது என்ன கணக்கோ! 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயரையும் நம்ப வேண்டாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகள் அந்தத் தலைப்பின்கீழ் பானங்களைக் காட்டக் கூடாது என்று மத்திய வணிக அமைச்சகம் சொன்னது அதனால்தான்.

அடுத்தது எடை. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்கிற குழந்தைகள் நலத் திட்டத்தில் வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவக் குழு வரும். கட்டணம் கிடையாது. உயரம், எடையைப் பார்ப்பார்கள். அந்த எண்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) அளவுகோலைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 10 வயதுப் பையன், 140 சென்டிமீட்டர், 45 கிலோ என்றால் பிஎம்ஐ 23 வருகிறது. பெரியவர் என்றால் பரவாயில்லை என்று விட்டுவிடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 10 வயதுப் பையனுக்கு 21.4-ஐத் தாண்டினாலே உடல் பருமன். வயதுக்கும் ஆண், பெண்ணுக்கும் ஏற்ற அட்டவணையில் குழந்தைகள் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். எடையைப் பிள்ளைகள் முன்னால் உரக்கப் படிக்க வேண்டாம் என்று பள்ளியிடம் சொல்லிவையுங்கள். 'குண்டு' என்ற பட்டப்பெயர் பள்ளி முடியும்வரை போகாது.

கேன்டீனில் விதிமீறல் கண்டால் முதலில் பள்ளியிடமே எழுத்தில் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்தான், அந்தப் பலத்தை யாரும் பயன்படுத்துவதில்லை. நகரவில்லையென்றால் மாவட்ட நியமன அலுவலரிடம் போகலாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்டத் தலைமை அவர்தான். எஃப்எஸ்எஸ்ஏஐயின் கட்டணமில்லா எண் 1800-11-2100, 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலும் புகாரைப் பதியலாம். தனித் தண்டனை சொல்லப்படாத விதிமீறலுக்கு 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 58-வது பிரிவில் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. பொதுவாக முதலில் நோட்டீஸ் கொடுத்துத் திருத்திக்கொள்ளச் சொல்வார்கள். புகாரில் பள்ளியின் பெயர், விற்ற தேதி, பொருளின் பெயர், பாக்கெட்டின் முன்புறம் பின்புறம் இரண்டின் படமும் இருக்கட்டும். படத்தில் பிள்ளைகளின் முகம் வேண்டாம்.