1963 ஸ்ட்ராட் வேண்டுமா? முதலில் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்லுங்கள்

ஃபெண்டர் கம்பெனியின் பழைய எலெக்ட்ரிக் கிதாரான ஸ்ட்ராட்டோகாஸ்டர்மேல் (சுருக்கமாக ஸ்ட்ராட்) ஆசை வைத்தவர் பணம் அனுப்புமுன் பார்ப்பது பெரும்பாலும் படங்களைத்தான். தேய்ந்த பெயிண்ட், பழுப்பேறிய பிளாஸ்டிக், துருப்பிடித்த சேடில் (தந்தியைத் தாங்கும் உலோகத் துண்டு). இந்த மூன்றையும் பட்டறையில் ஒரே வாரத்தில் வரவழைக்கலாம். கண்ணுக்குப் படாத இடங்களில் இருப்பதை வரவழைப்பதுதான் கடினம். அதனால் பரிசோதனையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனி அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸுக்கு 1.3 கோடி டாலருக்குக் கைமாறியது. அதற்கு முன் செய்த கிதார்களை 'ப்ரீ-சிபிஎஸ்' என்பார்கள். 1954-இல் ட்ரெமொலோவோடு (தந்திகளின் சுருதியை அசைக்கும் கைப்பிடி அமைப்பு) 249.50 டாலருக்கு விற்ற மாடல் இது. இன்று அந்த வகையில் எல்லாம் ஒரிஜினலாக உள்ள ஒன்றுக்கு வீடு கட்டும் அளவுக்கு விலை சொல்கிறார்கள்.

ஸ்ட்ராட்டின் நெக் பாடியோடு ஒட்டப்பட்டதில்லை, நான்கு ஸ்க்ரூவில் நிற்கிறது. பழுதானால் சட்டென்று மாற்றலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதே வசதி இன்று ஏமாற்றுக்கும் உதவுகிறது. பாடி, நெக், மூன்று பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காயில்), மூன்று பாட் (வால்யூமையும் டோனையும் மாற்றும் திருகு), பிக்கார்டு (பாடியின் முகத்தில் பூட்டிய பிளாஸ்டிக் தகடு), ட்ரெமொலோ எல்லாமே தனித்தனியாக விலைக்குக் கிடைக்கின்றன. நான்கு கிதார்களின் பாகங்களைச் சேர்த்து ஐந்தாவது ஒன்றை உருவாக்கலாம். எல்லாப் பாகமும் நிஜமாகவே பழசாக இருக்கும், கிதார் மட்டும் 1963-இல் இருந்திருக்காது. இதைத்தான் தொழிலில் 'பார்ட்ஸ்காஸ்டர்' என்கிறோம்.

சீரியல் நம்பரை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1962 கடைசியிலிருந்து 1965 வரை 'எல்' எழுத்தும் ஐந்து இலக்கங்களுமாக நெக் பிளேட்டில் (பின்பக்கம் அந்த ஸ்க்ரூக்களுக்கு அடியில் இருப்பது) அச்சிட்டார்கள். அந்தப் பிளேட் வெறும் உலோகத் தகடு, அதே நான்கு ஸ்க்ரூவோடு வந்துவிடும். தொழிற்சாலையிலும் கைக்கு வந்த தகட்டைத்தான் மாட்டினார்கள். பிங்க் ஃபிளாய்டு இசைக்குழுவின் கிதாரிஸ்ட் டேவிட் கில்மோரின் 0001 எண் கொண்ட ஸ்ட்ராட் 2019-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 18,15,000 டாலருக்குப் போனது. அதன் நெக்கில் 1954 ஜூன், பாடியில் 1954 செப்டம்பர். எண் ஒன்று என்பதால் அது முதல் கிதாராகிவிடவில்லை. (அந்த ஏலத்தில் அதைவிட அதிகமாக, 39,75,000 டாலருக்குப் போன 'பிளாக் ஸ்ட்ராட்'டில் பலமுறை நெக்கே மாற்றப்பட்டிருக்கிறது. அங்கே விலை வாசித்தவருக்கு. உங்களுக்கு வரும் கிதாரை வாசித்தவர் கில்மோர் இல்லையென்றால், விலை பாகங்களுக்குத்தான்.)

சரி, திறப்போம். முதல் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கேப்போ (தந்திகளை அமுக்கிப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, தந்திகளை நன்றாகத் தளர்த்துங்கள். கேப்போ இருந்தால் தந்தி ட்யூனரில் சிக்கல் விழாமல் நெக்கோடேயே வரும். பின்பக்கம் நான்கு ஸ்க்ரூ. இரண்டாம் நம்பர் ஃபிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், நுனி தேயாததாக. திரும்பப் பூட்டும்போது முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள், 'டிக்' என்று ஒரு சின்ன விழுதல் விரலில் தெரியும். ஸ்க்ரூ பழைய புரியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு இறுக்குங்கள். இதைச் செய்யாமல் முறுக்கினால் அறுபது வருட மேப்பிளில் புதுப் புரி விழும்.

நெக்கின் அடியில் தேதி இருக்கும். 1962 வசந்தம் வரை பென்சில், பிறகு ரப்பர் ஸ்டாம்ப். '2 மார் 63 பி' என்று இருந்தால் மார்ச் இரண்டாம் தேதி என்று படிக்காதீர்கள். முன்னால் உள்ள 2 ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மாடல் குறியீடு. கடைசி 'பி' நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் தாண்டும் துண்டு) அகலம், அதாவது 1⅝ அங்குலம். ஸ்டாம்ப் தெளிவாக, கறுப்பாக, நேராக இருந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். பல நிஜ ஸ்டாம்ப்கள் பாதி அழிந்தவை.

அதே முனையில் ஃபிங்கர்போர்டின் (நெக்கின் மேல் ஒட்டிய, விரல் வைக்கும் பலகை) குறுக்குவெட்டும் தெரியும். 1959 நடுவிலிருந்து 1962 நடு வரை ரோஸ்வுட்டின் அடிப்பக்கம் தட்டை, அதன்பின் மேப்பிளின் வளைவோடு சேர்ந்து வளைந்த மெல்லிய பலகை. 1963 என்று சொல்லித் தட்டைப் பலகையைக் காட்டினால் கதை இடிக்கிறது. நெக்கின் பின்புறம் நீளமாகக் கறுப்பு மரக் கோடு ஓடினாலும் அப்படித்தான். அந்தக் காலத்து ரோஸ்வுட் நெக்கில் ட்ரஸ் ராடை (நெக் வளையாமல் காக்கும் இரும்புக் கம்பி) முன்பக்கமாக வைத்துவிட்டுப் பலகை ஒட்டினார்கள், பின்னால் கோடு வராது. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் இரண்டு புள்ளிகளின் இடைவெளி 1963 நடுவில் குறைந்தது. வருடத்தின் முற்பகுதியா பிற்பகுதியா என்பதை ஸ்டாம்போடு இதை வைத்து ஒத்துப்பார்க்கலாம்.

பிக்கார்டைத் தூக்கும்போது கவனம். அந்த இளம்பச்சைத் தகடு செல்லுலாய்டு. வருடங்கள் போகப்போகச் சுருங்கும், ஸ்க்ரூ ஓட்டைகளை ஒட்டி வெடிக்கும். பதினொரு ஸ்க்ரூவையும் ஒரே சீராகத் தளர்த்த வேண்டும், ஒரு ஓரத்தை மட்டும் தூக்கக் கூடாது. ஸ்க்ரூ வரவில்லையென்று சோல்டரிங் அயர்னால் சூடு காட்டுபவர்கள் இருக்கிறார்கள். செல்லுலாய்டு குபீரென்று தீப்பிடிக்கும்.

பிக்கார்டின் அடியில் பெயிண்ட் படாத சின்ன ஆணி ஓட்டைகளைத் தேடுங்கள். பெயிண்ட் காயும்வரை பாடி மேசையில் படாமலிருக்க ஆணி அடித்து நிறுத்துவது அப்போதைய வழக்கம். ஆணி இருந்த இடத்தில் பெயிண்ட் உள்ளே இறங்கியிருக்காது. ஓட்டைக்குள் பெயிண்ட் இருந்தாலோ, ஓட்டையே அடைபட்டிருந்தாலோ, பாடிக்கு யாரோ மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். 1963 பாடியில் நெக் உட்காரும் குழியில், பெயிண்ட் அடிக்கும்போது குச்சியை மாட்டிப் பிடித்த இடம் பெயிண்ட் இல்லாத பட்டையாக நிற்க வேண்டும். குழி முழுக்க நிறம் நிரம்பியிருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள். ஃபியஸ்டா ரெட், லேக் பிளாசிட் ப்ளூ மாதிரி நிறங்களில் மட்டும் அவசரப்பட வேண்டாம். ஐந்து சதவீதம் கூடுதல் விலைக்கு வந்த அந்தக் கார் பெயிண்ட் நிறங்களைச் சில நேரம் தொழிற்சாலையே சன்பர்ஸ்ட்மேல் (நடுவில் வெளிறி ஓரத்தில் கறுக்கும் வழக்கமான நிறம்) அடித்தது. சிவப்புக்கு அடியில் சன்பர்ஸ்ட் தெரிவது மட்டும் குற்றம் ஆகாது.

புறஊதா விளக்கு உதவும், தீர்ப்பு சொல்லாது. நைட்ரோ லாக்கர் என்ற பழைய பெயிண்ட் மஞ்சள் பச்சையாக மின்னும். பிறகு தொட்ட இடம் திட்டாக, வேறு நிறத்தில் நிற்கும்.

வால்யூம், டோன் பாட்களின் பின்பக்கம் 304-6320 என்று இருந்தால் 304 அதைச் செய்த ஸ்டாக்போல் கம்பெனி, 63 வருடம், 20 வாரம். இது கிதார் எப்போது செய்யப்பட்டது என்று சொல்லாது, இதற்கு முன் செய்யப்படவில்லை என்றுதான் சொல்லும். 1966-இல் மொத்தமாக வாங்கிய பாட்களைச் சில வருடங்கள் வரை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிக்கப்பைச் சோதிக்கச் சோல்டரைத் தொட வேண்டாம். தொடாத சோல்டரே விலையில் ஒரு பங்கு. ஜாக்கில் கேபிள் குத்தி, வால்யூமைப் பத்தில் வைத்து, மறுமுனையில் மல்ட்டிமீட்டரைப் பிடியுங்கள். 250 கிலோ-ஓம் வால்யூம் பாட் இணையாக இருப்பதால் 6.0 கிலோ-ஓம் காயில் 5.86 காட்டும். அறைச் சூட்டையும் கணக்கில் எடுங்கள். 20 டிகிரியில் 6.0 உள்ள செம்புக் காயில் 32 டிகிரியில் 6.28 ஆகிவிடும். இதற்காகப் பதற வேண்டாம். 250-ஐ ஒட்டிக் காட்டினால் காயில் அறுந்திருக்கிறது, நீங்கள் படிப்பது வால்யூம் பாட்டின் அளவை. தலைமுடியைவிட மெல்லிய 42 கேஜ் கம்பி அரித்து அறுவது இந்த வயதில் சாதாரணம். மறுபடி சுற்றினால் சத்தம் வரும், ஒரிஜினல் போய்விடும். அதை விலையில் கழிக்க வேண்டும்.

ஃபிரெட் மாற்றியிருந்தால் பெரிய குறை இல்லை, ஒழுங்காகச் செய்திருந்தால். ஃபெண்டர் ஃபிரெட்டைப் பக்கவாட்டில் தட்டி ஏற்றியது. மேல்நோக்கிப் பிடுங்கியவர் கை வைத்திருந்தால் ஸ்லாட் ஓரமெல்லாம் ரோஸ்வுட் சில்லு பெயர்ந்திருக்கும், லென்ஸில் தெரியும். பெயிண்ட் மறுபடி அடித்திருப்பதுதான் பெரிய அடி. சந்தையில் சுமார் பாதி விலை போய்விடும்.

ஒரிஜினல் சோல்டரை உருக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் நியாயம். நெக்கைக் கழற்றிப் படம் அனுப்ப மாட்டேன் என்றால், வேறு ஆளைப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவருவதென்றால் ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. இந்தக் காலத்து ஃபிங்கர்போர்டுகளில் உள்ள பிரேசில் ரோஸ்வுட், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 1992 முதல் இருக்கிறது. 2019-இல் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது என்று கடைக்காரர் சொல்வார். அந்த விலக்கு இரண்டாம் பட்டியல் மரங்களுக்கு, இதற்கு இல்லை. தடைக்கு முந்தைய மரம் என்ற சான்றிதழை அனுப்பும் நாட்டின் சைட்டிஸ் அலுவலகத்தில் விற்பவர் வாங்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே அதை எழுத்தில் கேளுங்கள். 'இன்வாய்ஸில் வெறும் ரோஸ்வுட் என்று போட்டுவிடலாம்' என்று சொல்பவரிடம் வாங்கினால், சுங்கத்தில் பெட்டி நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் இறக்குமதி செய்த நீங்கள்தான்.