பக்கத்து வீட்ல ஹோல்ட்-டவுன் இல்லையே, எனக்கு மட்டும் ஏன்?

அமெரிக்காவுல மர வீடு கட்டுறவங்க, ரீமாடல் பண்றவங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி இது. ரெண்டு வீட்லயும் அதே ஓஎஸ்பி ஷீட் (மரச் சீவலை ஒட்டி அழுத்தின பலகை), அதே 2x4 ஸ்டட் (சுவருக்குள்ள நிக்குற மரக்கட்டை), ஒண்ணுல மட்டும் சுவர் முனைல ஹோல்ட்-டவுன்ங்கிற கனமான ஸ்டீல் பிராக்கெட், அப்புறம் இன்ஜினியர் சும்மா செலவு இழுத்து விடுறாரோன்னு தோணத்தான் செய்யும்.

பக்கத்து வீடு ஐஆர்சி கோடோட (அமெரிக்க வீட்டுக் கட்டட விதி) பிரேசிங் டேபிள பாத்து கட்டினது; பக்கவாட்டுல தள்ளுறத தாங்க சுவர்ல எவ்வளவு பலகை அடிக்கணும்னு சொல்ற அட்டவணை அது. காத்து வேகம், மேல எத்தனை மாடி, பிரேஸ்டு வால் லைன்களுக்கு (அந்தத் தள்ளலைத் தாங்குற சுவர் வரிசைகளுக்கு) நடுவுல எவ்வளவு தூரம், இத வச்சு எத்தனை அடி பேனல் (பலகை அடிச்ச சுவர்ப் பகுதி) வேணும்னு டேபிளே சொல்லிடும், தனியா கணக்கு கிடையாது. பிளைவுட், ஓஎஸ்பினா பொதுவா ஒரு பேனல் 4 அடியாவது இருக்கணும், லைன் முனைல இருந்து 10 அடிக்குள்ள முதல் பேனல் ஆரம்பிக்கணும். உள்பக்க ஜிப்சம் போர்டு, குறுக்குச் சுவர், மேல இருக்குற எடை எல்லாம் கூட நின்னு தாங்கும்ங்கிறத சேத்துதான் அந்த டேபிள போட்டிருக்காங்க, அதான் பெரும்பாலும் ஹோல்ட்-டவுன் கேக்குறதில்ல.

உங்க வீட்ல கராஜ் கதவுக்குப் பக்கத்துல ஒடுக்கமா ஒரு சுவர், பின்னாடி முழுக்க கண்ணாடி. டேபிளுக்குள்ள அடங்கல, அதனால ஷியர் வால் டிசைன், அதாவது பக்கவாட்டுல தள்ளுற விசைய ஒவ்வொரு சுவருக்கும் இன்ஜினியர் தனியா கணக்கு போடுறது. இதுல ஒவ்வொரு சுவரும் தன் சொந்தக் கால்ல நிக்கணும். 8 அடி உயரம், 4 அடி நீளம், உச்சில 1000 பவுண்ட் பக்கவாட்டுல தள்ளுதுன்னா, மேல இருக்குற எடைய கழிக்காம பாத்தா ஒரு முனைய சுமார் 2000 பவுண்ட் மேல தூக்கும். ஃபவுண்டேஷன்ல பதிச்ச ஆங்கர் போல்ட், சுவரோட அடிக்கட்டையான கீழ் பிளேட்டத்தான் புடிக்கும், முனை ஸ்டட்ட யார் புடிக்கிறது? அதுக்குத்தான் ஹோல்ட்-டவுன்.

"கோடே கேக்கலையே"ன்னு அத கழட்டுறது ஆபத்து. பழைய பிரேசிங் பேனல ஷியர் வால் கணக்குல போட்டு "வீடு விழுந்துடும்"னு பயமுறுத்துறதும் தப்பு (நம்ம இன்ஜினியருங்களே சில பேர் பண்றாங்க, என்ன சொல்ல). டேபிளுக்கு அடங்காத பகுதிய மட்டும் இன்ஜினியர் டிசைன் பண்ண ஐஆர்சியே விடுது, ஆனா கூரைல இருந்து அந்த சுவருக்கு லோடு எப்படி வருது, ஃபவுண்டேஷனுக்கு எப்படி இறங்குதுன்னு டிராயிங்ல இருக்கணும்.

வெளிச்சுவர சைடிங் (வெளிப்பக்க உறை) போட்டு மூடுறதுக்கு முன்னாடி ஷீட்ல அடிச்ச ஆணிய பாருங்க, நெயில் கன் பிரஷர் அதிகமாகி ஆணித்தலை ஷீட்டுக்குள்ள புதைஞ்சிருந்தா சுவரோட பலம் குறையும், அங்க கூடுதல் ஆணி வேணுமான்னு இன்ஜினியர்கிட்ட கேட்டுட்டு மூடுங்க.