அட்ரீனல் சாறும் ஏறிய பாதரசமும்

இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரில் மருத்துவராக இருந்த ஜார்ஜ் ஆலிவர், மணிக்கட்டுத் தமனியின் விட்டத்தை அளக்கும் கருவியொன்றைத் தாமே வடிவமைத்தவர். சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியை இறைச்சிக் கடையில் வாங்கி, அதன் சாற்றைத் தம் மகனுக்குக் கொடுத்து அவர் தமனியை அளந்தார் என்றொரு கதை உண்டு. சொல்பவருக்கேற்ப அந்தச் சாறு ஊசிமருந்தாகவும் வாய்வழி மருந்தாகவும் மாறும். தமனியும் சுருங்கும் அல்லது விரியும். அந்தச் சாற்றின் செயல்படுபொருளான அட்ரீனலினை விழுங்கினால் அது குடலிலும் கல்லீரலிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும் என்பதால், கதையைவிட அதன்பின் நடந்ததே கவனத்துக்குரியது.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் உடலியங்கியல் பேராசிரியர் எட்வர்ட் ஷேஃபரை ஆலிவர் அணுகினார். மயக்கப்பட்ட நாயின் சிரையில் சாறு செலுத்தப்பட்டதும், தமனியோடு இணைந்திருந்த அழுத்தமானியின் பாதரசம் விறுவிறுவென ஏறியது. இருவரும் 1894-இல் முதற்கட்ட முடிவுகளையும், 1895-இல் விரிவான கட்டுரையையும் வெளியிட்டனர்.

அழுத்தம் ஏறியதைக் கண்டதோடு அவர்கள் நின்றிருந்தால் அது ஒரு வியப்புச் செய்தியாகவே முடிந்திருக்கும். சாறு மூளையைத் தூண்டி, அதன்வழி நரம்புகள் தமனிகளைச் சுருக்குகின்றனவா, அல்லது சாறே தமனிச் சுவரில் நேரடியாகச் செயல்படுகிறதா என்று அவர்கள் கேட்டனர். நரம்புத் தொடர்பைத் துண்டித்த பின்னும் தமனிகள் சுருங்கியதால் விடை தெளிவாயிற்று. நுண்தமனிகளின் தசைச்செல்களில் உள்ள ஆல்ஃபா ஏற்பிகள் எனும் புரதங்களில் அட்ரீனலின் பொருந்துவதும், செல்லுக்குள் கால்சியம் உயர்ந்து தசை சுருங்குவதும் பிற்காலத்தில் அறியப்பட்டவை. குழாயின் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், ஆரம் பத்து விழுக்காடு குறைந்தாலே தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். சிறுதுளிச் சாறு பாதரசத்தை அவ்வளவு உயர்த்தியதன் காரணம் இதுவே.

இதயத்தின் நடத்தைதான் முதலில் குழப்பம் தந்தது. அழுத்தம் ஏறும்போது துடிப்பு வேகமெடுக்காமல் குறைந்தது. ஆனால் மூளையிலிருந்து வந்து இதயத்துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பை வெட்டியபின் சாற்றைச் செலுத்தினால் இதயம் விரைந்தும் வலுவாகவும் துடித்தது, அழுத்தமும் மேலும் உயர்ந்தது. அதாவது, இதயத்தைத் தூண்டுவது சாறு. மிகையான அழுத்தத்தைத் தணிக்க அதை அடக்குவது உடலின் சொந்தக் கட்டுப்பாடு.

இந்த ஆற்றல் சுரப்பியின் உட்பகுதியான அகணியில் மட்டுமே இருந்தது. அதிலுள்ள பொருளான அட்ரீனலினை ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகமினே நியூயார்க்கில் படிகமாகப் பிரித்து, 1901-இல் அறிவித்தார். ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரீட்ரிக் ஸ்டோல்ஸ் 1904-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தார். ஹார்மோன்களில் முதன்முதலில் தூய வடிவில் கிடைத்தது இதுவே எனலாம்.

வெளிப்பகுதியான புறணியின் சாறோ பாதரசத்தை உயர்த்தவில்லை. ஆனால் அட்ரீனல் சுரப்பிகள் அழிந்தவர்கள் மெலிந்து இறப்பதை ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-இலேயே விவரித்திருந்தார். அகணியின்றி உயிர் வாழலாம், புறணியின்றி முடியாது என்பது பின்னரே விளங்கியது. சில நிமிட ஏற்றத்தை மட்டும் காட்டிய அழுத்தமானிக்குப் புறணியின் வேலை எட்டவில்லை. 1953-இல் பிரித்தறியப்பட்ட புறணி ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன், சிறுநீரகத்தில் சோடியத்தைத் தேக்கி, மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் இரத்த அழுத்தத்தை நிர்ணயிக்கிறது. புறணிக் கட்டியொன்று அதை மிகையாகச் சுரந்து உயர் இரத்த அழுத்தத்தை உண்டாக்கியதை, 1955-இல் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் விவரித்தார்.